பெரிய ரிமோட் வண்டிக்கு வைப்பர் மோட்டாரில் ஸ்டீயரிங் சர்வோ: முழுமையான வழிகாட்டி

அசலில் கால் பங்கு அளவில் கட்டும் லாரி, டிராக்டர், ராணுவ டிரக் போன்ற மாடல்கள் எளிதாக 60 கிலோவிலிருந்து 100 கிலோ வரை எடை வந்துவிடும். கடையில் கிடைக்கும் பெரிய ஹாபி சர்வோ, அதாவது ரிமோட் சொல்லும் கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார், பெரும்பாலும் 40 முதல் 70 கிலோ-செ.மீ. வரை தரும். அது ஓடும் வண்டியைத் திருப்பிவிடும். நிற்கும் வண்டியின் டயரைத் திருப்பச் சொன்னால் பல் உடையும், இல்லையென்றால் 6 மி.மீ. தடிமன்கூட இல்லாத அதன் வெளி ஷாஃப்ட்டில் ஹார்ன் என்னும் சிறு கை வழுக்கும். இந்த எடைக்குக் காரின் வைப்பர் மோட்டாரை வைத்து நாமே சர்வோ கட்டுவதுதான் சரியான வழி. விசை அதில் தாராளமாக இருக்கிறது. அந்த விசையை எங்கே நிறுத்துவது, சென்சார் பொய் சொன்னால் எப்படி நிறுத்துவது என்பதில்தான் வேலை முழுவதும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதலில் கணக்கு

எவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்று தெரியாமல் மோட்டார் வாங்க வேண்டாம். நின்ற இடத்தில் டயரைத் திருப்புவதுதான் மிகக் கடினமான வேலை. அதற்கு ஒரு சூத்திரம் உண்டு:

ஒரு சக்கரத்துக்கான முறுக்குவிசை = சக்கரத்தின் மேல் உள்ள எடை × உராய்வு எண் × √(அகலம்²/8 + விலகல்²)

அகலம் என்பது டயர் தரையில் படும் அகலம். விலகல் என்பது கிங்பின் (சக்கரம் இடவலமாகத் திரும்பும் முள்) அச்சைக் கீழே நீட்டினால் தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம். 80 கிலோ வண்டியில் முன்னச்சு 40 கிலோ தாங்கினால் ஒரு சக்கரத்துக்கு 20 கிலோ. அகலம் 8 செ.மீ., விலகல் 4 செ.மீ., ரப்பருக்கும் சிமென்ட் தரைக்கும் உராய்வு எண் 0.8 என்று வையுங்கள். வேர்க்குறிக்குள் 8 + 16 = 24; அதன் வர்க்கமூலம் 4.9. ஆக 20 × 0.8 × 4.9 = 78 கிலோ-செ.மீ. இரண்டு சக்கரத்துக்கும் 157. பால் ஜாயின்ட், புஷ் உராய்வுக்கு கால் பங்கு கூட்டினால் சுமார் 196.

இந்தக் கணக்கில் விலகலைக் கவனியுங்கள். அதை 4-லிருந்து 2 செ.மீ.க்குக் குறைத்தால் 4.9 என்பது 3.5 ஆகிவிடுகிறது, சுமை கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைகிறது. மோட்டாரைப் பெரிதாக்குவதற்கு முன் கிங்பின்னைச் சக்கரத்துக்குள் தள்ள முடியுமா என்று பாருங்கள்.

அடுத்தது லீவர். ஸ்டீயரிங் ஆர்ம் 80 மி.மீ., மோட்டாரின் கிராங்க் 55 மி.மீ. என்றால் நடுநிலையில் 1.45 மடங்கு லாபம். மோட்டார் ஷாஃப்ட்டில் தேவை 196 ÷ 1.45 = 135 கிலோ-செ.மீ., அதாவது 13 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல். சக்கரம் 29 டிகிரி திரும்ப கிராங்க் 45 டிகிரி திரும்பும். கோணம் ஏற ஏற லீவர் லாபமும் கூடும் என்பது இந்த அமைப்பின் நல்ல குணம். கிராங்கை 40 மி.மீ.க்குக் கீழே சுருக்க ஆசைப்பட வேண்டாம். முழுத் திருப்பத்தில் கிராங்கும் ராடும் ஒரே கோட்டுக்கு வந்து பூட்டிக்கொள்ளும்.

காரின் வைப்பர் மோட்டார் சுழல முடியாமல் முழுதாக அடைபடும்போது வகையைப் பொறுத்து 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் தருகிறது. நமக்கு வேண்டியது அதில் பாதி. பாதிச் சுமையில் வேகமும் சுமார் பாதியாகும்: சுமையில்லாமல் நிமிடத்துக்கு 45 சுற்று ஓடுவது 22-க்கு இறங்கும். நடுவிலிருந்து 45 டிகிரி போக மூன்றில் ஒரு நொடி. இந்த எடை வண்டிக்கு இது போதும். இதைவிட வேகமாகத் திருப்பினால் வண்டி கவிழும்.

மோட்டார் தேர்வு

பவர் விண்டோ மோட்டார் கைக்கு எளிதில் கிடைக்கும். ஆனால் 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. பலவற்றின் உள்ளே சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு உறுப்பு இருக்கும். கண்ணாடிக்கு அது நல்லது. ஓடும் வண்டியின் ஸ்டீயரிங் நடுவழியில் செத்துப்போவது நல்லதல்ல. 40 கிலோவுக்குக் கீழான வண்டிக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

வைப்பர் மோட்டாரில் வார்ம் கியர் இருப்பதால் சக்கரத்தின் அடி மோட்டாரைத் திருப்பிச் சுற்றாது. மின்சாரம் இல்லாமலேயே நிலையைப் பிடித்து நிற்கும்; பேட்டரி மிச்சம். சென்னையில் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஷாஃப்ட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. 12 வோல்ட் கொடுத்தால் கரகர சத்தம் இல்லாமல் ஓட வேண்டும். கிராங்க் ஆர்மும் அதன் நட்டும் கூடவே வர வேண்டும். இந்தக் கடைசி விஷயம் முக்கியம்: ஷாஃப்ட் முனை கூம்பாகவும் பல்வரியோடும் இருக்கும், அதற்குப் பொருந்தும் துளையை லேத் பட்டறையில் புதிதாகச் செய்வது பெரும்பாடு.

பாடியில் எர்த்

பல வைப்பர் மோட்டார்களில் நெகட்டிவ் பிரஷ் உள்ளேயே மோட்டார் பாடியோடு இணைந்திருக்கும். காரில் அது ஒரே திசையில் ஓடுவதால் பிரச்சினை இல்லை. நாம் இரு திசையிலும் ஓட்டப்போகிறோம். திசை மாறும்போது பாடிக்கே 12 வோல்ட் வரும். பாடி சேசிஸைத் தொட்டு, சேசிஸ் பேட்டரி நெகட்டிவைத் தொட்டால் டிரைவர் போர்டு அந்த நொடியே போய்விடும்.

மல்டிமீட்டரை பஸ்ஸர் நிலையில் வைத்து ஒவ்வொரு பின்னுக்கும் பாடிக்கும் இடையே பாருங்கள். சத்தம் வந்தால் பிரஷ் மூடியைத் திறந்து, பாடியில் பற்றவைத்த பிரஷ் ஒயரை வெட்டி, அதில் 2.5 சதுர மி.மீ. சிலிகான் ஒயர் சால்டர் செய்து ரப்பர் புஷ் வழியாக வெளியே எடுங்கள். பிறகு மறுபடி சோதித்தால் எந்தப் பின்னிலும் சத்தம் வரக்கூடாது. மோட்டாரை ஹைலம் தகட்டின்மேல் வைத்துச் சமாளிப்பதும் உண்டு. ஆனால் ஷாஃப்ட், கிராங்க், ராட் வழியாக இணைப்பு மறுபடி வந்துவிடும் என்பதால் ஒயரை வெட்டுவதே பாதுகாப்பு.

உள்ளே மூன்று பிரஷ் இருக்கும். எதிரெதிரே உள்ள இரண்டும் குறைந்த வேகத்துக்கு. தள்ளி வைத்த மூன்றாவது அதிவேகத்துக்கு. அதை இணைக்காமல் விடுங்கள். அதில் ஓட்டினால் ஒரு திசையில் ஒரு வேகம், மறு திசையில் வேறு வேகம் என்றாகி, அளவைச் சரிசெய்யவே முடியாது. மூடியில் இருக்கும் பார்க் சுவிட்ச் ஒயர்களும் தேவையில்லை.

வாங்க வேண்டிய மற்றவை

கட்டுப்படுத்தும் மூளையாக அர்டுயினோ நானோ போர்டு ஒன்று. மோட்டாரை இரு திசையிலும் ஓட்டும் டிரைவர் போர்டாக, பிடிஎஸ் 7960 சிப் இரண்டு உள்ள எச்-பிரிட்ஜ் மாட்யூல் ஒன்று. 43 ஆம்பியர் என்று விற்பார்கள், கூட வரும் சிறு ஹீட்சிங்க்கோடு தொடர்ந்து 10 முதல் 15 ஆம்பியர்தான் நம்பலாம், நமக்கு அது போதும். 30 ஆம்பியர் வகை ஏசிஎஸ் 712 கரன்ட் சென்சார். கிராங்கின் கோணத்தை அளக்க 5 கிலோ ஓம் நேர்வகைப் பொட்டன்ஷியோமீட்டர் (சுருக்கமாகப் பொட்), கண்டக்டிவ் பிளாஸ்டிக் தடம் உள்ளது. இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், வண்டியின் அதிர்வில் சாதாரணக் கார்பன் தடம் சீக்கிரம் தேய்ந்து ஒரே இடத்தில் துடிக்க ஆரம்பிக்கும். 5 வோல்ட்டுக்கு இறக்கும் பக் கன்வர்ட்டர், 15 ஆம்பியர் தாங்கும் மைக்ரோ சுவிட்ச் இரண்டு, 10 ஆம்பியர் டையோடு இரண்டு, 1000 மைக்ரோ ஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர், 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் ஐந்தாறு, 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், எம்8 ராட் எண்ட் இரண்டு. சென்னையில் என்றால் எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் முடியும்.

பேட்டரி 12 வோல்ட் லெட் ஆசிட், நாலு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட், மூன்று செல் லிப்போ எதுவும் சரி. லாரியின் 24 வோல்ட் மோட்டாரை ஆறு செல் லிப்போவில் ஓட்டலாமே என்று தோன்றும். முழு சார்ஜில் அது 25.2 வோல்ட், பிடிஎஸ் 7960-இன் வரம்பு 27-ஐ ஒட்டித்தான். மோட்டார் சட்டென நிற்கும்போது எகிறும் வோல்ட்டேஜுக்கு அந்த இடைவெளி போதாது.

கிராங்க், சென்சார், நிறுத்தங்கள்

மோட்டாரோடு வந்த கிராங்க் ஆர்மை வெட்டி, 25 × 5 மி.மீ. எம்.எஸ். பட்டையை அதன்மேல் பற்றவைத்து, அச்சிலிருந்து 55 மி.மீ. தள்ளி 8 மி.மீ. துளை போடுங்கள். சாதாரண ஓட்டத்தில், கிராங்கை ஸ்டீயரிங் ஆர்மோடு இணைக்கும் டை ராடில் 25 கிலோவுக்குள்தான் விசை. 30 நியூட்டன் மீட்டர் மோட்டார் முழுதாக அடைபட்டால் நடுநிலையில் 56 கிலோ, ஓரத்தில் 80 கிலோ வரை போகும். பற்றவைப்பு அந்த 80 கிலோவுக்குத் தாங்க வேண்டும். கிரப் ஸ்க்ரூவை நம்பி எதையும் இந்த ஷாஃப்ட்டில் மாட்ட வேண்டாம். விரலை இடையில் விட்டால் எலும்பு முறியும் விசை இது. பவர் இருக்கும்போது லிங்க்கேஜில் கை வைக்காதீர்கள்.

பொட்டன்ஷியோமீட்டரை கிராங்கின் அச்சிலேயே, நேர் இணைப்பாக மாட்டுங்கள். கிராங்கின்மேல் 'ப' வடிவத் தகடு ஒன்றை போல்ட் செய்து, அதன் நடுவில் அச்சுக்கு நேராக 8 மி.மீ. பின் பற்றவையுங்கள். டை ராட் கிராங்கின் அடிப்பக்கம் போகட்டும், அப்போது தகடு இடிக்காது. பின்னுக்கும் பொட்டுக்கும் இடையே சிஎன்சி மோட்டார்களுக்கு விற்கும் 8-க்கு 6 மி.மீ. வளையும் கப்ளிங். பொட்டின் உடலை இறுக்கிப் பிடிக்காமல், சுழலாதபடி ஒரு காடியில் மட்டும் நிற்கவிடுங்கள். அரை மி.மீ. அச்சு விலகல் இருந்தாலும் இறுக்கிப் பிடித்த பொட்டின் புஷ் சீக்கிரம் ஆட்டம் கண்டுவிடும்.

பொட்டின் நடுப்புள்ளியும் கிராங்கின் நடுநிலையும் ஒன்றாக இருக்கட்டும். 300 டிகிரி பொட்டை நானோ 1024 படிகளாகப் படிக்கிறது. ஒரு டிகிரிக்கு 3.4 படி. நடு 512, இரு பக்கமும் 45 டிகிரி என்றால் வேலை எல்லை 358 முதல் 666 வரை.

அதற்கு வெளியே இன்னும் இரண்டு வேலி வேண்டும். மென்பொருள் எல்லை 45 டிகிரி. 48 டிகிரியில் மைக்ரோ சுவிட்ச். 50 டிகிரியில் சேசிஸில் பற்றவைத்த இரும்புத் தடுப்பு. சுவிட்ச்சை நானோவுக்குக் கொண்டுபோகாமல், மோட்டார் ஒயரிலேயே, சாதாரணமாக மூடியிருக்கும் முனையில் தொடராக இணையுங்கள். ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும் இணையாக ஒரு டையோடு: எல்லையைத் தாண்டும் திசையில் மின்சாரம் நிற்கும், திரும்பி வரும் திசையில் டையோடு வழியாகப் போகும். டையோடு தலைகீழானால் சுவிட்ச் இருந்தும் இல்லாததுபோல்தான். கையால் சுவிட்ச்சை அழுத்திச் சோதித்துவிட்டே மாட்டுங்கள். நானோ உறைந்தாலும், பொட் ஒயர் அறுந்தாலும், போர்டு ஷார்ட் ஆனாலும் மோட்டாரை நிறுத்துவது இந்தச் சுவிட்ச்தான்.

டை ராடில் சர்வோ சேவர், அதாவது மோதலை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் அமைப்பு, அவசியம். வார்ம் கியர் பின்னோக்கிச் சுற்றாது என்பதால் சக்கரம் கல்லில் மோதினால் அந்த அடி முழுவதும் கியர்ப் பல்லுக்குப் போகும். அந்தப் பல்சக்கரம் பெரும்பாலும் நைலான். ராடை ஒரு குழாய்க்குள் விட்டு, இரு பக்கமும் அழுத்து ஸ்பிரிங் வைத்து, 35 கிலோவுக்கு முன்னழுத்தம் கொடுங்கள். 25 கிலோ ஓட்ட விசையில் ஸ்பிரிங் அசையாது, மோதலில் விட்டுக்கொடுக்கும். சென்சார் சேவருக்கு முன்னால், மோட்டார் பக்கம்தான் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு முறையும் சர்வோ அதை எதிர்த்துப் போராடி, காப்பாற்ற வந்ததையே கெடுக்கும்.

வயரிங்

பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து எச்-பிரிட்ஜ். 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் பிரிட்ஜின் டெர்மினலிலேயே. பிரிட்ஜிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஒரு ஒயரில் கரன்ட் சென்சாரும் மைக்ரோ சுவிட்ச்களும். தடித்த ஒயர் எல்லாம் 2.5 சதுர மி.மீ. பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் இந்த மாட்யூல் பிழைக்காது. ஒரு பக்கம் மட்டும் பொருந்தும் கனெக்டர் போடுங்கள்.

எல்லா நெகட்டிவும் பிரிட்ஜின் நெகட்டிவ் டெர்மினலில் ஒரே புள்ளியில் சேரட்டும். ரிசீவரிலிருந்து வரும் மூன்று ஒயரில் சிக்னலும் கருப்பும் மட்டும் நானோவுக்கு. சிவப்பை வெட்டி இன்சுலேட் செய்யுங்கள். நானோ தன் 5 வோல்ட்டைப் பக் கன்வர்ட்டரிலிருந்து எடுத்துக்கொள்ளும். சிவப்பையும் சேர்த்தால் இரண்டு 5 வோல்ட் ஒன்றோடொன்று மோதும்.

பொட்டின் நடு முனை நானோவின் ஏ0-வுக்கு, ஷீல்டு ஒயரில். ஏ0-விலிருந்து நெகட்டிவுக்கு 0.1 மைக்ரோ ஃபாரடும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரும். அந்த ரெசிஸ்டரின் வேலை இது: நடு ஒயர் அறுந்தால் அளவு அலையாமல் பூஜ்யத்துக்கு விழும், நானோ அதைக் கண்டு நிறுத்தும். மோட்டார் பிரஷ்களுக்கு இடையே ஒரு செராமிக், ஒவ்வொரு பிரஷ்ஷிலிருந்து பாடிக்கு ஒன்று.

சிக்னல் டி2-க்கு, பிரிட்ஜின் இரு பிடபிள்யூஎம் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் துடிப்பு) முனைகள் டி9, டி10-க்கு, கரன்ட் சென்சார் ஏ1-க்கு. பிரிட்ஜின் இரண்டு எனேபிள் முனைகளும் நிரந்தரமாக 5 வோல்ட்டில். அப்போது இரு பிடபிள்யூஎம்மும் பூஜ்யமானால் மோட்டாரின் இரு முனையும் கீழே ஷார்ட்டாகி பிரேக் பிடிக்கும்.

நிரலின் தர்க்கம்

டைமர் 1-ஐ ஃபேஸ் கரெக்ட் முறையில், உச்ச எண் 400 ஆக வையுங்கள். பிடபிள்யூஎம் 20 கிலோஹெர்ட்ஸ் ஆகும், காதுக்குச் சத்தம் கேட்காது. வழக்கமான 490 ஹெர்ட்ஸில் விட்டால் மோட்டார் ரீங்காரமிடும். சர்வோ லைப்ரரியைச் சேர்க்காதீர்கள், அதுவும் டைமர் 1-ஐத்தான் எடுத்துக்கொள்ளும்.

சிக்னலின் அகலத்தை இன்டரப்ட்டில் அளந்து, கடைசி மூன்றின் நடு மதிப்பை எடுங்கள். 900 முதல் 2100 மைக்ரோ நொடிக்கு வெளியே வருவதைத் தள்ளுங்கள். 1000-ஐ 358-க்கும் 2000-ஐ 666-க்கும் பொருத்தினால் இலக்கு கிடைக்கும். 100 மில்லி நொடி சிக்னல் வராவிட்டால் மோட்டாரை நிறுத்துங்கள். ரிசீவர் சிக்னல் இழந்ததும் கடைசி நிலையையே அனுப்பிக்கொண்டிருக்காதபடி அதன் ஃபெயில்சேஃபையும் (சிக்னல் அறுந்தால் என்ன செய்வது என்ற அமைப்பு) மாற்ற வேண்டும். வண்டியை நிறுத்துவது டிரைவ் மோட்டாரின் கன்ட்ரோலர் வேலை, அதன் ஃபெயில்சேஃபைப் பிரேக்கில் வையுங்கள்.

ஒவ்வொரு 2 மில்லி நொடிக்கும்: பிழை = இலக்கு − நிலை. பிழையை 8-ஆல் பெருக்கினால் 15 டிகிரிக்கு மேல் முழு வேகம், உள்ளே வரவர மெதுவாகும். நிலை மாறும் வேகத்துக்கேற்ப அதிலிருந்து கொஞ்சம் கழியுங்கள். வெளியீடு 65-க்குக் கீழே போனால் மோட்டார் அசையாமல் சூடாகும். அதைக் குறைந்தபட்சமாக வையுங்கள். பிழை 4 படிக்குள் வந்தால் நிறுத்தி, 7-ஐத் தாண்டினால் மட்டும் மறுபடி தொடங்குங்கள். இந்த இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் எல்லையில் நின்று துடிக்கும். பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் இன்டெக்ரல் பகுதி இங்கே வேண்டாம். வார்ம் கியரின் சிறு தளர்வில் அது முன்னும் பின்னும் ஆட்டும்.

வெளியீடு ஒரு சுழற்சிக்கு 20-க்கு மேல் மாறக்கூடாது. முழு வேகத்தில் சட்டெனத் திசை மாற்றினால், அடைபட்ட மோட்டார் இழுப்பதைப்போல இரு மடங்கு கரன்ட் பாயும்; பிரிட்ஜ் எரிவது பெரும்பாலும் இப்படித்தான். கரன்ட் சென்சார் ஆம்பியருக்கு 66 மில்லி வோல்ட் தரும், அதாவது 13.5 படி. 18 ஆம்பியர், அதாவது கரன்ட் ஓடாதபோது காட்டும் அளவிலிருந்து 243 படி விலகல், 300 மில்லி நொடிக்கு மேல் நீடித்தால் ஒரு நொடி நிறுத்துங்கள். பொட்டின் அளவு 30-க்குக் கீழோ 990-க்கு மேலோ போனால் முழுதாக நிறுத்தி, பவர் அணைத்துப் போடும் வரை அசையவிடாதீர்கள்.

முதல் முறை ஓட்டுவது

டை ராடைக் கழற்றிவிடுங்கள். ஃபியூஸ் இடத்தில் 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பை வையுங்கள். எது தவறினாலும் கரன்ட் சுமார் 4.6 ஆம்பியரோடு நின்றுவிடும், பல்ப் பளிச்சென எரிந்து காட்டிக்கொடுக்கும். பவர் கொடுத்ததும் கிராங்க் ஒரு ஓரத்துக்கு ஓடிப்போய் நின்றால் பொட்டின் இரு வெளி முனைகள் மாறியிருக்கின்றன. அவற்றை மட்டும் மாற்றுங்கள். நிலை சரியாகப் பிடித்து, ஸ்டிக் திசை தலைகீழாக இருந்தால் ரிமோட்டில் ரிவர்ஸ் செய்தால் போதும்.

பிறகு ஓட விட்டுக்கொண்டே பொட்டின் நடு ஒயரைப் பிடுங்குங்கள். மோட்டார் நிற்க வேண்டும். சிக்னல் ஒயரைப் பிடுங்குங்கள், நிற்க வேண்டும். மரக்குச்சியால் ஒவ்வொரு சுவிட்ச்சையும் அழுத்துங்கள். அந்தத் திசை மட்டும் நிற்க வேண்டும். இவை எல்லாம் தேறினால்தான் பல்பை எடுத்துவிட்டு ஃபியூஸ் போடுவது.

விசையை அளக்க, கிராங்கில் 20 செ.மீ. பட்டையைத் தற்காலிகமாக போல்ட் செய்து, முனையில் தொங்கும் டிஜிட்டல் தராசைக் கட்டி இழுக்கவிடுங்கள். தராசு காட்டும் கிலோவை 20-ஆல் பெருக்கினால் கிலோ-செ.மீ. இந்தச் சோதனையில் மட்டும் கரன்ட் வரம்பை உயர்த்தி, ஒரு நொடிக்குள் முடித்துவிடுங்கள். 200-க்குக் கீழே வந்தால் முதலில் பேட்டரி வோல்ட்டேஜ் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். பிரிட்ஜில் 11-க்குக் கீழே விழுந்தால் குறை மோட்டாரில் இல்லை, ஒயரிலோ பேட்டரியிலோ இருக்கிறது.

வண்டியில் ஏற்றிய பிறகு வரும் கோளாறுகள்

மோட்டார் ஓடும்போது மட்டும் நிலை நடுங்கினால் பொட் ஒயருக்குள் மின் இரைச்சல் ஏறுகிறது: ஷீல்டை ஒரு முனையில் மட்டும் நெகட்டிவில் சேர்த்து, மோட்டார் ஒயரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோங்கள். மோட்டார் நிற்கும்போதும் நடுங்கினால் நிரலில் நிறுத்தும், மறுபடி தொடங்கும் எல்லைகளை 4, 7-லிருந்து 5, 9-க்கு உயர்த்துங்கள். திருப்பும் கணத்தில் நானோ ரீசெட் ஆனால் 5 வோல்ட் சரிகிறது. பக் கன்வர்ட்டரின் உள்ளீட்டில் ஒரு டையோடும் அதன் பின் 470 மைக்ரோ ஃபாரடும் போடுங்கள். பெட்ரோல் இன்ஜின் வண்டியில் இன்ஜின் ஓடும்போது மட்டும் தடுமாற்றம் என்றால் ரெசிஸ்டர் வகை ஸ்பார்க் பிளக்குக்கு மாறுங்கள்.

நேராகப் போகவேண்டிய வண்டி நாள்பட ஒரு பக்கம் இழுத்தால் ரிமோட்டில் டிரிம் போட்டு மறைக்க வேண்டாம். பொட் கப்ளிங் வழுக்கியிருக்கிறதா, சேவரின் ஒரு பக்க ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கப்ளிங் வழுக்கியிருந்தால் மென்பொருள் எல்லையும் அதோடு நகர்ந்துவிட்டது. அடுத்த முழுத் திருப்பத்தில் மோட்டார் நேரே மைக்ரோ சுவிட்ச்சில் போய் இடிக்கும்.